உறுமலை மறந்த நாய்

பயிற்சி முடித்து இந்தத் தொழிலுக்குள் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே,

ஓய்வு பெற்று வீட்டோடு கிடந்தவளைக் கூப்பிட்டு, அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு என்ன கதை வேண்டும் என்று எனக்குத் தெரியும். கடித்த நாய் திருந்திய கதை, பாய்ந்த நாய் குழந்தையோடு படுத்துறங்கிய கதை. அப்படியும் என்னிடம் சில இருக்கின்றன. அவற்றை நீங்கள் தொலைபேசியில் வீடியோவாகவே பார்க்கலாம், நடுவில் இசையும் போட்டிருப்பார்கள். நான் சொல்லப்போவது வேறு. வாசித்து முடித்ததும் ஏன் இந்த மனுசியைக் கேட்டோம் என்று நினைத்தாலும் நினையுங்கள்.

ஒஸ்லோவில் நாய் பழக்கிய காலம் முழுவதும் எங்கள் சனத்துக்கு நான் ஒரு பகிடி. "உவ நாய்க்கு ரியூசன் குடுக்கிறா" என்று கோயில் மண்டபத்தில் வைத்தே சொல்வார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். உங்கள் பிள்ளைகளுக்கு ரியூசன் கொடுத்தால் சோதனையில் புள்ளி குறைந்ததற்கு என்னைப் பேசுவீர்கள், நாய் பேசாது என்பேன். ஊரில் நாய்க்குச் சோறும் வைத்தோம், கல்லும் எறிந்தோம், வீட்டுக்குள் மட்டும் விடவில்லை. இங்கே வந்தபின் பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று நாய் எடுத்து, சோபாவில் ஏற்றிவைத்து, அடுத்தது என்ன செய்வதென்று தெரியாமல் முழித்த வீடுகள் எத்தனையோ. அவர்கள் முழித்த முழியில்தான் என் அடுப்பு எரிந்தது.

நீங்கள் வகுப்பில் படித்ததுதான் என்றாலும் ஒன்றைத் திரும்பச் சொல்லிவிடுகிறேன். நாய் எடுத்த எடுப்பில் கடிப்பதில்லை. பயந்த நாய் முதலில் உடம்பை இறுக்கும். முகத்தைத் திருப்பும். உதட்டை நக்கும். அதையெல்லாம் நாங்கள் கவனிக்காவிட்டால் உறுமும். கிட்ட வராதே, எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்ல அதற்கு வேறு வழி கிடையாது. அதற்கும் நாங்கள் விலகாவிட்டால்தான் பல்லைப் போடும். தங்கள் நாய் உறுமுகிறது என்று அழுதுகொண்டு வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, உங்கள் நாய் நல்ல வடிவாகக் கதைக்கிறது, கவலைப்படாமல் போங்கள் என்று அனுப்பியிருக்கிறேன். உறுமாத நாயைக் கண்டால்தான் எனக்குப் பயம்.

அப்படி ஒரு நாய் ஒஸ்லோவின் ஓரத்தில், குரோருட்டில் இருந்தது.

சாந்தினி முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர். கணவர் மகேந்திரன் பஸ் ஓட்டுகிறார். ரயில் நிலையத்திலிருந்து மேலே ஏறிப்போகும் வழியில் ஓர் அடுக்குமாடியில் அவர்கள் வீடு. ஆட்கள் போன் அடித்துக் கேட்டுவிட்டு வருகிற வீடு அல்ல அது. "உங்கால போனனாங்கள், ஒருக்கா எட்டிப் பாத்திட்டுப் போவம் எண்டு வந்தம்" என்று சொல்லிக்கொண்டே சப்பாத்தைக் கழற்றுவார்கள். சாந்தினி இரவு வேலை முடித்து வந்து கண் சிவந்திருந்தாலும் முகம் கோணாமல் தேத்தண்ணிக்குக் கேத்திலைப் போடுவார். அந்த வீட்டுக்கு அது பெருமை. எனக்கும் அந்தப் பெருமை தெரியாததல்ல, நானும் அந்தச் சனம்தானே.

அவர்களுக்கு ஒரே மகன், கஜன். இங்கே பிறந்தவன். துரொண்ட்ஹெய்ம் நகரத்துக்குப் பொறியியல் படிக்கப் போனவன் இடையில் படிப்பை விட்டுவிட்டு வந்து தன் அறைக்குள் போனான். பிறகு வெளியே வரவில்லை. எல்லாரும் படுத்தபின் குளிப்பானாம். சாப்பாட்டுக் கோப்பையைக் கதவடியில் வைத்தார்கள். வருகிறவர்கள் கேட்டால், "அவன் வீட்டில இருந்து ஒன்லைனில படிக்கிறான்" என்று சொன்னார்கள். வைத்தியர் ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போகப் பார்த்தார்கள், அவன் படியிறங்கவில்லை.

ஒரு குளிர்காலத்தில் அவன் தானாகச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே போய் ஒரு நாயோடு திரும்பி வந்தான். ருமேனியாவின் தெருவில் கிடந்து, யாரோ பிடித்து இங்கே அனுப்பிய நாய். சாம்பல் நிறம், நல்ல உயரம், ஒரு காது மட்டும் நிற்கும். மகன் சப்பாத்துப் போட்ட சந்தோசத்தில் நாயை வடிவாகக் கவனிக்கவில்லை என்று சாந்தினி என்னிடம் பிறகு சொன்னார். கஜன் அதற்குப் பம்சே என்று பெயர் வைத்தான், நோர்வே மொழியில் கரடிப்பொம்மை. மகேந்திரனுக்கு நாய் என்றால் ஜிம்மிதான், அதனால் அவர் ஜிம்மி என்றே கூப்பிட்டார். "இதுவும் எங்களை மாதிரி அகதிதானே, கிடக்கட்டும்" என்றார். நாய்க்கு வெளியே போகவேண்டும். ஆகவே கஜனும் போனான். காலையில் போனான், பின்னேரம் போனான், பனி கொட்டினாலும் போனான். அந்த நாயின் கழுத்துப் பட்டியைப் பிடித்துக்கொண்டுதான் அந்தப் பெடியன் உலகத்துக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தான். தாய் தகப்பன் நாயைச் சகித்ததும் அதற்காகத்தான்.

என்னைக் கூப்பிட்டது வேறு காரணத்துக்கு. வழியில் மற்ற நாய்களைக் கண்டால் இழுத்துக்கொண்டு போய்க் குரைக்கிறது, அயலவர்கள் முறைப்பாடு சொல்கிறார்கள் என்றார் சாந்தினி. முதல் நாள் நான் போனபோது வீட்டில் வழக்கம்போல் ஆட்கள் இருந்தார்கள். நாய் சோபாவுக்குப் பக்கத்தில் படுத்திருந்தது. அசையவில்லை, சத்தமில்லை. ஒரு மனிதர் அதன் தலைக்கு மேலால் காலைத் தூக்கிவைத்துக் கடந்து போனார். அப்போது அதன் உடம்பு கட்டையாக இறுகியதை நான் கண்டேன். கண்ணின் வெள்ளை தெரிந்தது. உறுமவேண்டிய இடம் அது. உறுமவில்லை.

"வெளியிலதான் அக்கா இந்தக் கூத்து," என்றார் சாந்தினி. "வீட்டுக்குள்ள தங்கம். முதல் வந்த புதுசில ஆக்களைக் கண்டா உறுமும். இப்ப மூச்சுக் காட்டாது."

"என்னெண்டு நிப்பாட்டினீங்கள்?"

"செருப்பைக் காட்டினாக் காணும், அடங்கீடும். ரெண்டு மூண்டு தரம் மூக்கில போட்டது. வீட்டுக்கு வந்த ஆக்களைப் பாத்து உறுமிறது என்ன பழக்கம்?"

வந்திருந்தவர்களும் தலையாட்டினார்கள். நல்ல பழக்கம் பழக்கி வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு அம்மா பாராட்டினார். சாந்தினியின் முகம் மலர்ந்தது.

நோர்வேக்காரர் வீடுகளில் பிழையே நடப்பதில்லை என்று நினைக்காதீர்கள். அவர்கள் நாயைக் குழந்தையாக்கிக் கெடுப்பார்கள், நாயிடம் மன்னிப்புக் கேட்டே அதற்குப் பைத்தியம் பிடிக்கவைப்பார்கள். ஆனால் இந்தப் பிழை எங்களுடையது. வந்தவர்களுக்கு முன்னால் வீட்டில் இருப்பது எதுவும் முகம் சுளிக்கக்கூடாது. பிள்ளையாக இருந்தாலும் நாயாக இருந்தாலும் அடக்கமாக இருந்து காட்டவேண்டும். இவர்கள் கொடுமைக்காரர்கள் இல்லை. அந்த நாய்க்கு இறைச்சி அவித்து எலும்பு பொறுக்கிப் போடுகிறவர்கள். விருந்தாளிகளிடம் மரியாதையாக நடக்கவேண்டும் என்று மகனுக்குச் சொன்னதைத்தான் நாய்க்கும் சொன்னார்கள். நாய் மகனைவிடக் கெதியாகப் படித்துவிட்டது.

ஆட்கள் போனபிறகு அவர்களை இருத்திச் சொன்னேன். உங்கள் நாய்க்குப் பயம் போகவில்லை, பயத்தைச் சொல்கிற வாயைத்தான் நீங்கள் பூட்டியிருக்கிறீர்கள், இனி அது சொல்லாமல் கடிக்கும் என்றேன். செருப்பை விடுங்கள். வருகிறவர்களைப் போன் அடித்துவிட்டு வரச்சொல்லுங்கள். ஆட்கள் இருக்கும்போது நாய் கஜனின் அறையில் கதவு பூட்டி இருக்கட்டும்.

மகேந்திரன் மெல்லிய சிரிப்போடு கேட்டுக்கொண்டிருந்தார். "அக்கா, எங்கட வீட்டுக்கு வாறதுக்குச் சனம் அப்பொயின்ற்மென்ற் எடுக்கவேணுமோ? உந்தக் கதையை நான் சொன்னா நாளைக்குச் செத்த வீட்டுக்கும் ஒருத்தரும் வராயினம்."

"நாய் ஒரு பிள்ளையைக் கடிச்சா?"

"கடிக்காது. இவ்வளவு நாளும் கடிக்கேல்லைத்தானே."

நான் விடவில்லை. கடைசியில் செருப்பை விடுவதற்கும் நாயை அறையில் வைப்பதற்கும் சம்மதித்தார்கள். போன் விசயத்துக்கு ஓம் ஓம் என்றார்கள். எங்கள் ஆட்கள் இரண்டு தரம் ஓம் சொன்னால் அதன் பொருள் என்னவென்று உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

பயிற்சிக்குக் கஜன் வந்தான். முதல் தடவைகளில் என் முகத்தைப் பார்க்கமாட்டான், நாயைப் பார்த்தே கதைப்பான். நானும் நாயைப் பார்த்தே பதில் சொன்னேன். குரோருட்டுக்குப் பின்னால் இருக்கும் காட்டுக்கு நடந்தோம். "அன்ரி, தூர் போவமா?" என்று கேட்பான், இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு நடை என்ற சொல்லே வராது, எல்லாம் தூர்தான். நாய் உடம்பை இறுக்கின உடனே நாங்கள் நின்று, எதிரே வருவதிலிருந்து விலகி, அதற்கு ஒரு துண்டு இறைச்சி கொடுத்து, "நல்ல பெடியன்" என்று சொல்லவேண்டும். சின்னதாகச் சொன்னாலே எங்களுக்குக் கேட்கிறது என்று அதற்கு விளங்கவேண்டும். அப்படியே போனால் ஒருநாள் உறுமலும் திரும்ப வரும், வந்தால் அதற்கும் நன்றி சொல், பயப்படுத்துவதைத் தூரப் போகவை என்றேன். உறுமுவதற்குப் பாராட்டா என்று முதல்தரம் அவன் சிரித்தான். அவனுக்குச் சிரிக்கத் தெரியும் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

நன்றாகச் செய்தான். என்னிடம் படித்தவர்களில் அவன் அளவுக்குப் பொறுமை உள்ளவர்கள் கொஞ்சப் பேர்தான். நாயின் உதடு அசைவதற்கு முன்பே அவனுக்குத் தெரிந்துவிடும். வசந்தகாலம் வந்தபோது பம்சே மற்ற நாய்களைக் கண்டால் குரைக்காமல் அவன் முகத்தைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கியது. வழியில் கண்ட ஒரு நோர்வே மனுசியோடு கஜன் நின்று நாயைப் பற்றிக் கதைத்தான். அவனோடு சேர்ந்து எனக்கும் நம்பிக்கை வந்துவிட்டது.

ஒருநாள் காட்டில் ஒரு மரக்கட்டையில் குந்தியிருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது அவன் சொன்னான், "அன்ரி, ஆக்கள் வந்தா எனக்கும் உடம்பு இப்பிடித்தான் இறுகும். அம்மா வந்து கதவில தட்டுவா. நான் போய்ச் சிரிச்சிட்டு வருவன்." பிறகு நாயின் நின்ற காதைத் தடவிக்கொண்டிருந்தான். நான் அவனுடைய கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊற்றினேன்.

ஆனால் உறுமல் மட்டும் வரவில்லை. வீட்டுக்குள் அது இன்னும் ஊமைதான்.

ஒரு சனிக்கிழமை நடந்ததை எனக்கு அந்த வீட்டின் மூன்று பேரும் தனித்தனியாகச் சொன்னார்கள், மூன்றும் ஒன்றாகவே இருந்தது. ஒருவரும் ஒன்றையும் மறைக்கவில்லை. மகேந்திரனின் பழைய சிநேகிதர் குடும்பம் கோயிலால் வரும் வழியில் ஏறி வந்தது, சின்ன மகளோடு. போன் அடிக்கவில்லை. சொன்னபடி நாய் கஜனோடு அறையில் இருந்தது, கதவு பூட்டியிருந்தது. தேத்தண்ணி குடித்து, வடை சாப்பிட்டு, ஊர்க்கதை எல்லாம் கதைத்தார்கள். பிறகு சிநேகிதர் கேட்டிருக்கிறார், "எங்கை தம்பி? பாத்துக் கனகாலம்." சாந்தினி போய்க் கதவில் தட்டினார். "வந்த ஆக்கள் கேக்கினம். ஒருக்கா வந்து முகத்தைக் காட்டிப்போட்டுப் போ, அப்பன்."

அவன் வந்தான். சிரித்தான். கதவு சாத்தாமல் நீக்கலாக இருந்தது. நாய் அவனுக்குப் பின்னால் வந்து சோபாவுக்குப் பக்கத்தில், தான் வழமையாகக் கிடக்கும் இடத்தில் படுத்தது. கஜன் உடனே அதைத் திருப்பிக் கூட்டிப்போகப் பார்த்தான். "இருக்கட்டும், அது பேசாமல்தானே கிடக்கு" என்றார் தகப்பன். கஜன் வந்தவர்களுக்கு முன்னால் தகப்பனோடு வாதாடவில்லை. அவனுக்கு அப்படிப் பழக்கமில்லை. சின்னப் பிள்ளை போய் நாயின் கழுத்தைக் கட்டிக் கொஞ்சியது. சத்தமில்லை. கன்னத்தில் பல் இறங்கினபிறகு பிள்ளையின் சத்தம்தான் கேட்டது.

அவசர மருத்துவமனைக்கு ஓடினார்கள். கன்னத்தில் தையல் போட்டார்கள். அந்தத் தாய் தகப்பன் நல்ல சனம், முறைப்பாடு செய்யவேண்டாம் என்றுதான் இருந்தார்கள். ஆனால் குழந்தையின் முகத்தில் நாய் கடித்தால் இந்த நாட்டில் அது வீட்டோடு நிற்காது, நிற்கவும் கூடாது. விசயம் பொலிசுக்குப் போனது. நாயை என்ன செய்வதென்று பொலிஸ் முடிவெடுக்கும். அதற்குமுன் அதைப் பழக்கியவர் என்ற முறையில் என் கருத்தையும் கேட்டார்கள்.

பிள்ளைகளே, இந்த இடத்துக்குத்தான் உங்களைக் கூட்டிக்கொண்டு வந்தேன். பிஸ்கட்டும் பட்டியும் பற்றி யாரும் சொல்லித் தருவார்கள். ஒரு நாய் உயிரோடு இருக்கலாமா என்று உங்களைக் கேட்கும் நாளும் வரும். அன்றைக்கு உங்கள் பக்கத்தில் யாரும் இருக்கமாட்டார்கள்.

நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது நாய்க்கு வாய்க்கூடு போட்டிருந்தது. மூன்று பேரும் வரிசையாக இருந்தார்கள், தீர்ப்புக் கேட்க வந்தவர்கள்போல. சோதித்துப் பார்க்க நான் அறிமுகமில்லாத ஆள் நடப்பதைப்போல நேரே அதன் கிட்டப் போனேன். உடம்பு இறுகியது, கண் சிமிட்டும் நேரம்தான். பிறகு பாய்ந்தது. வாய்க்கூட்டின் கம்பி என் முழங்காலில் இடித்தது. நடுவில் ஒரு சத்தமும் இல்லை.

மகேந்திரன் எழும்பிவிட்டார். "அக்கா, பிழை எங்களில. நாயில இல்லை. இதை அப்பிடியே பொலிசுக்குச் சொல்லுங்கோ. வேணுமெண்டா என்னைப் பிடிச்சு மறியலில போடட்டும்."

அது முழு உண்மை. அதைச் சொல்லியும் பயனில்லை என்பதும் உண்மை.

"மாத்தலாம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ அக்கா," என்றார் சாந்தினி. "இனி ஒரு காக்காய்க்கும் கதவு திறக்கமாட்டன். இந்த நாய் இல்லையெண்டா இவன் திரும்பவும்..." மகன் பக்கத்தில் இருந்ததால் மிச்சத்தை விழுங்கினார்.

கஜன் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டான். "எவ்வளவு காலம் வேணும், அன்ரி?"

"ஒரு வருசம் எடுக்கலாம். கூடவும் எடுக்கலாம். வராமலே போகவும் கூடும்."

"அதுவரைக்கும் நான் பாத்துக்கொள்ளுவன்."

பார்த்துக்கொள்வான் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஆட்கள் வந்து அந்த வீட்டின் மணியை அமத்துவதை அவனால் நிறுத்த முடியாது. சாந்தினி கதவு திறக்கமாட்டேன் என்று அழுது சொன்னபோதும் அவர் மனம் எப்போதும்போல் ஆட்களை உள்ளே வாங்கோ என்றுதான் கூப்பிடும். படிக்கட்டில் அயல்வீட்டுப் பிள்ளைகள் ஏறி இறங்குகிறார்கள். கஜன் தனியாக வேறு வீடு எடுத்துப் போகிற நிலையில் இல்லை. ஆட்கள் இல்லாத இடத்தில் பண்ணை வைத்திருக்கும் எனக்குத் தெரிந்த எல்லாரையும் கேட்டேன். சொல்லாமல் கடிக்கிற நாய் என்றதும் எல்லாரும் இல்லை என்றார்கள். அவர்களில் ஒருத்தரிலும் எனக்குக் கோபமில்லை. நானே அவர்களுடைய இடத்தில் இருந்தால் எடுத்திருக்கமாட்டேன்.

பொலிசுக்கு உண்மையைச் சொன்னேன். நாயைக் கெடுத்தது மனிதர்கள் என்றேன். அது மாறுகிற நாய், வழியில் மாறியும் வந்தது என்றேன். ஆனால் அடுத்த பிள்ளை கிட்டப் போனால் அது முன்கூட்டிச் சொல்லும் என்று என்னால் உறுதி தரமுடியாது என்றேன். அந்தக் கடைசி வசனம்தான் அவர்களுக்குத் தேவைப்பட்டது. நாயைக் கொல்லும்படி முடிவு வந்தது.

மிருக வைத்தியரிடம் தான்தான் கூட்டிக்கொண்டு போவேன் என்றான் கஜன். என்னை வரச்சொன்னான். தாய் தகப்பன் வரவில்லை, அவன் வேண்டாம் என்றான். நாங்கள் ரயிலில் போகாமல் நடந்தே போனோம். வழியில் இன்னொரு நாய் வந்தது. பம்சே அதைப் பார்த்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தது. "நல்ல பெடியன்" என்று சொல்லி இறைச்சித் துண்டு கொடுத்தான். நான் கொஞ்சம் பின்தங்கி நடந்தேன்.

மிருக வைத்தியர் இளம் பெண், மெதுவாகக் கதைக்கத் தெரிந்தவர். நிலத்தில் ஒரு விரிப்புப் போட்டிருந்தார். கஜன் அதில் அமர்ந்து நாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டான். வாய்க்கூடு போட்டபடிதான். வைத்தியர் ஊசியைப் பின்னால் மறைத்துக்கொண்டு கிட்ட வந்தார்.

அப்போது உறுமியது.

அடித்தொண்டையிலிருந்து, நீளமாக, தெளிவாக. நான் எத்தனையோ நாய்களின் உறுமலைக் கேட்டவள். அவ்வளவு நல்ல உறுமலை நான் கேட்டதில்லை. கிட்ட வராதே, எனக்குப் பயமாக இருக்கிறது. சொல்லவேண்டியதைச் சொல்லவேண்டிய நேரத்தில் ஒரு சொல் குறையாமல் சொன்னது.

கஜனின் கை தானாகப் பைக்குள் போனது. கம்பி இடைவெளியால் இறைச்சியைக் கொடுத்தான். "நல்ல பெடியன்," என்றான். "நல்ல பெடியன், பம்சே." வைத்தியர் ஏதோ விளங்கி இரண்டடி பின்னுக்குப் போனார். நாயின் உடம்பு இளகியது. எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தபடி, ஒன்றும் பிசகாமல் நடந்தது. பிறகு வைத்தியர் என்னைப் பார்த்தார். கஜன் என்னைப் பார்க்கவில்லை, நாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நிறுத்தச் சொல்லலாமா? வைத்தியர் அதைத்தான் கண்ணால் கேட்டார். நான் சொன்னால் அன்றைக்கு நிறுத்தியிருப்பார், பொலிசுக்குப் போன் அடித்திருப்பார். அந்த நேரத்தில் நான் என்ன நினைத்தேன் என்று உங்களுக்கு மறைக்கப்போவதில்லை. ஒருதரம் உறுமியது என்றால் அடுத்ததரமும் உறுமும் என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை. இங்கே வைத்தியரைக் கண்டு உறுமியது, வீட்டில் சோபாவுக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளையைக் கண்டு உறுமுமா என்று எனக்குத் தெரியாது. கன்னத்தில் தையலோடு ஒரு பிள்ளை ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு அடுத்த பிள்ளையை நான் கண்டதில்லை, ஆனால் அதுவும் எங்கோ ஓடித் திரிகிறது. இவ்வளவையும் நினைத்து நான் தலையசைத்தேன், செய்யுங்கள் என்று.

இன்றைக்கு அதே அறையில் நின்றாலும் அதேபோல் தலையசைப்பேன். அப்படிச் சொல்ல முடிகிறது என்பதற்காக நெஞ்சு லேசாகிறது என்று நினைக்காதீர்கள். சரியாகச் செய்தால் நிம்மதி வரும் என்று உங்களுக்கு யாராவது சொல்லித் தந்திருந்தால் அதை மறந்துவிடுங்கள். நான் சரியாகச் செய்தேன், வெறுத்துப்போய் வீட்டுக்கு வந்தேன். அதற்குப்பிறகும் சில காலம் வேலை செய்தேன், கை செய்தது, மனம் போகவில்லை.

அந்த வருசம் இலைகள் உதிரத் தொடங்கியபோது சாந்தினி போன் அடித்தார். நான் எடுத்தவுடன் கேவல்தான் வந்தது. கஜன் நாயின் பட்டியைக் கொழுவியில் மாட்டிவிட்டு அறைக்குள் போனவன், முந்தினதைவிட மோசம், இப்போது கதவையும் உள்ளே பூட்டுகிறான் என்றார். மனநல வைத்தியர் வீட்டுக்கே வந்தும் அவன் கதைக்கவில்லையாம். "அக்கா, நீங்கள் எத்தினை பயந்த நாயளை வெளியில கொண்டு வந்தனீங்கள். இவனுக்கும் ஏதும் செய்து பாருங்கோ. உங்களோடதான் அவன் கதைச்சவன்."

இதைக் கேட்டு எந்தத் தாயாவது இப்படிக் கேட்பாளா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். நான் போனேன். அந்த வீட்டில் ஒருவரும் இல்லை, தாயும் தகப்பனும் மட்டும்தான். ஆட்கள் வருவதை உண்மையாகவே நிறுத்தியிருந்தார்கள். மேசையில் நாலு கதிரையும் உள்ளே தள்ளிக் கிடந்தன. அந்த வீட்டில் அப்படி ஒரு அமைதியை நான் கண்டதில்லை. அதை நான் கேட்டபோது தராமல் இப்போது தந்திருந்தார்கள்.

கஜனின் கதவுக்கு வெளியே நிலத்தில் இருந்தேன். கதவுக்குப் பக்கவாட்டாக, ஒன்றும் கேட்காமல் இருந்தேன். சாந்தினி கொண்டுவந்த தேத்தண்ணி ஆறிப்போனது. கால் விறைத்தது. திரும்பிப் போகலாமோ என்று நினைத்த நேரத்தில் உள்ளேயிருந்து அவன் குரல் வந்தது, கதவுக்கு மிகக் கிட்ட.

"அன்ரி, அண்டைக்கு அது உறுமினதுதானே?"

"ஓம், கஜன்."

"வடிவா உறுமினது."

"ஓம்."

சமையலறையில் மகேந்திரன் செருமுவது கேட்டது.

"அப்ப அது மாறத் தொடங்கினதுதானே?"

ஒருதரம் உறுமினதை வைத்துச் சொல்ல ஏலாது என்று நான் சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை. ஆனால் அந்தக் காட்டு வழியெல்லாம் இறைச்சித் துண்டோடு நடந்தவன் அவன். நாயின் உதடு அசையமுதல் கண்டுபிடிக்கிறவன். அவனுக்குப் பதில் தெரியும். நான் அவனுக்கு உண்மை சொல்கிறேனா என்றுதான் பார்த்தான்.

"ஓம் அப்பன்," என்றேன். "தொடங்கினதுதான்."

உள்ளே நிலத்திலிருந்து அவன் எழும்புவது கேட்டது. கதவைத் திறக்கப்போகிறான் என்று நானும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பினேன். அடி வைத்து அவன் அறையின் மற்றப் பக்கத்துக்குப் போனான். கட்டில் கிறீச்சிட்டது. அதற்குப்பிறகு அந்தக் கதவுக்குப் பின்னாலிருந்து எனக்கு எந்தச் சத்தமும் வரவில்லை.